டாக்கருக்குள் ஜூப்பிட்டர் நோட்புக்: முதன்முறை இயக்குபவர்களுக்கு

ஜூப்பிட்டர் நோட்புக் என்பது பிரவுசரிலேயே பைத்தான் நிரலை எழுதி இயக்கும் ஏடு. டாக்கர், ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு 'இமேஜ்' என்னும் பொதியாகக் கட்டி, 'கன்டெய்னர்' என்னும் தனிப்பெட்டிக்குள் இயக்கும் கருவி. பெங்களூரு மடிவாளாவில் என் அறையில் தங்கியிருக்கும் சேலத்துத் தம்பி ஒருவர், இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய நோட்புக்கைக் கன்டெய்னரை நிறுத்திய மறுநொடியே இழந்துவிட்டார். இத்தனைக்கும் கோப்புறையை இணைத்துத்தான் வைத்திருந்தார். எங்கே தவறினார் என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

விண்டோஸ், மேக் கணினிகளில் டாக்கர் டெஸ்க்டாப்பையும், லினக்ஸில் டாக்கர் எஞ்சினையும் நிறுவிக்கொள்ளுங்கள். அடுத்து, ஜூப்பிட்டர் குழுவினரே பராமரிக்கும் இமேஜ்களுள் பாண்டாஸ், மேட்பிளாட்லிப் முதலிய பைத்தான் தொகுப்புகள் முன்பே சேர்க்கப்பட்ட சைபை நோட்புக்கைக் (scipy-notebook) குவே தளத்திலிருந்து (quay.io) இறக்குங்கள். 2023 அக்டோபர் முதல் புதிய இமேஜ்கள் அங்கு மட்டுமே வெளியாவதால், பழைய குறிப்புகளைப் பார்த்து டாக்கர் ஹப்புக்குப் போனால் பழையதுதான் கிடைக்கும். இமேஜ் பெரியது, மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இறங்க வேண்டாம்.

இனி கன்டெய்னரைத் தொடங்கும் 'டாக்கர் ரன்' கட்டளை. இதில் போர்ட்டுக்கு (பிரவுசர் கன்டெய்னரை அடையும் வாயில் எண்) ஒன்று, வால்யூமுக்கு (கன்டெய்னரோடு இணைக்கும் கோப்புறை) ஒன்று என முக்கியமான இரண்டு தெரிவுகள் உள்ளன. இரண்டிலும் முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது நம் கணினி, வலப்பக்கம் இருப்பது கன்டெய்னர். ஆகவே போர்ட்டுக்கு 8888:8888 எனத் தருகிறோம். அந்த எண்ணை வேறொரு நிரல் பிடித்திருந்தால் இடப்பக்கத்தை மட்டும் 8889 என மாற்றினால் போதும். ஆனால் டெர்மினலில் வரும் முகவரி அப்போதும் 8888 என்றே காட்டும் என்பதால், பிரவுசரில் அதை நாமே திருத்த வேண்டும். டோக்கன் என்னும் கடவுக்குறியோடு கூடிய அந்த முகவரியை முழுமையாகப் பிரதியெடுங்கள்.

வால்யூமில் இடப்பக்கம் உங்கள் கோப்புறையின் முழுப் பாதை. வலப்பக்கம் ஹோம், அதற்குள் ஜோவியன், அதற்குள் வொர்க் (/home/jovyan/work). கன்டெய்னருக்குள் இருக்கும் பயனரின் பெயர்தான் ஜோவியன்; வியாழன் கோளில் வசிப்பவர் என்னும் வேடிக்கைப் பெயர். ஜூப்பிட்டர் லேப் திறந்தவுடன் இடப்பலகத்தில் தெரிவது ஜோவியனின் வீடு. நம் கணினியோடு இணைந்திருப்பதோ அதற்குள் உள்ள வொர்க் மட்டும். தம்பி வொர்க்கைத் திறக்காமல் வெளியிலேயே நோட்புக்கை உருவாக்கிவிட்டார். கட்டளையில் ஆர்எம் (--rm) தெரிவும் இருந்ததால், நிறுத்தியதும் கன்டெய்னர் அழிக்கப்பட்டது. கோப்பும் அதோடு போயிற்று. அந்தத் தெரிவு இல்லாதிருந்தால், நின்றுபோன கன்டெய்னரிலிருந்து அதை மீட்டிருக்கலாம்.

நோட்புக்கில் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) வழியாக நிறுவும் தொகுப்புகளுக்கும் இதே கதிதான். எப்போதும் வேண்டியவற்றை, இமேஜைக் கட்டும் படிகளைச் சொல்லும் டாக்கர்ஃபைல் என்னும் கோப்பில் எழுதிச் சொந்த இமேஜாகக் கட்டிக்கொள்ளுங்கள். லினக்ஸில் வொர்க்குக்குள் சேமிக்க அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் எண்ணைப் பாருங்கள். ஜோவியனின் எண் 1000, உங்களுடையது வேறாக இருக்கக்கூடும்.

உண்மையான வேலையைத் தொடங்குமுன், வொர்க்குக்குள் ஒரு வெற்று நோட்புக்கைச் சேமித்து, உங்கள் கணினியின் கோப்புறையில் அது தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கன்டெய்னரை நிறுத்தி, அதே கட்டளையை மறுபடி இட்டுத் திறந்து பாருங்கள்.