ஒற்றைக் கியர் சைக்கிளுக்குப் பழைய இரட்டை வீல் கிராங்க் போதும்

ஒற்றைக் கியர் சைக்கிளுக்கென்றே தனியாக விற்கும் கிராங்கை (பெடல் மாட்டும் கையும் செயின் வீலும் சேர்ந்த பாகம்) தேடாமல், இரண்டு செயின் வீல் கொண்ட பழைய ரோடு சைக்கிள் கிராங்கை வாங்கி, வெளி வீலைக் கழற்றிவிட்டு உள் வீலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய கிராங்கை அதற்குரிய நீளமுள்ள ஆக்சிலில் (சட்டத்தின் அடியில் கிராங்க் சுழலும் அச்சு) மாட்டினால், உள் வீல் சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 41 மி.மீ. தள்ளி நிற்கும், ஒற்றைக் கியர் பின் ஹப்பில் பற்கள் பெரும்பாலும் 42 மி.மீ. தொலைவில் இருப்பதால், செயின் கோணலின்றி ஓடும், தேய்மானமும் குறையும். உள் வீலில் வழக்கமாக உள்ள 39 பற்களுடன் 18 பல் ஃப்ரீவீலை (மிதிக்காதபோதும் பின்சக்கரத்தைத் தடையின்றி உருள விடும் பல் சக்கரம்) சேர்த்தால், ஒரு மிதிச் சுற்றுக்குப் பின்சக்கரம் 2.17 சுற்று சுற்றும். செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறுகிறவர்களுக்கு 46 பல் வீலைவிட இதுவே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வீலை மட்டும் பிடிக்கும் குட்டை போல்ட்டுகளை மறக்காமல் வாங்குங்கள். பழைய நீள போல்ட்டுகள் இறுகாது.

வாங்குமுன் ஆக்சில் நுழையும் சதுரத் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். அதன் மூலைகள் மழுங்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ஏனெனில் எத்தனை முறை முடுக்கினாலும் அது மறுபடியும் ஆடும்.

வீல்கள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்ட கிராங்குக்கும், கிராங்கை ஆப்பு போன்ற முளையால் (காட்டர் பின்) இறுக்கும் ஆக்சில் உள்ள பழைய சைக்கிளுக்கும் இந்த வழி பொருந்தாது. ஃப்ரீவீல் இல்லாத ஃபிக்ஸட் சைக்கிளில் வளைவிலும் மிதி சுற்றிக்கொண்டே இருப்பதால், 175 மி.மீ. கிராங்க் மாட்டினால் பெடல் தரையில் இடிக்கக்கூடும். கிராங்க் கையின் பின்புறம் பெடல் துளையருகே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து 165 அல்லது 170 மி.மீ. உள்ளதையே எடுங்கள்.