தக்காளியில் பின்கருகல்: மருந்து வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

மேகமூட்டமும் சாரலும் நாலு நாள் சேர்ந்து நின்றால் போதும், தக்காளித் தோட்டம் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிவிடும். என் தோட்டத்தில் இந்தப் பின்கருகல் நோய் முதல் தடவை வந்தபோது, கையிலிருந்த கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை இரண்டு முறை அடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதுதான். இந்த நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் பார்வைக்குப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் பூஞ்சை இனமே இல்லை, நீர்ப்பாசிக்கு உறவு. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததும் இதுதான்.

படி 1: நோயை உறுதி செய்யுங்கள்
வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளி இருந்தால் அது முன்கருகல், வேறு நோய். பின்கருகலில் இலை நீர் கோத்ததுபோல் கரும்பச்சையாகி, பிறகு பழுப்பாகும். விடிகாலையில் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கும். சந்தேகமா? இலையை ஈரக் காகிதத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் வெள்ளை பூத்தால் அதேதான்.

படி 2: ஈரத்தைக் குறையுங்கள்
குச்சி ஊன்றிக் கட்டுங்கள், மண்ணில் படும் அடி இலைகளைக் கிள்ளுங்கள். தண்ணீர் வேரில் மட்டும், அதுவும் காலையில். நோய் கண்ட செடியைப் பிடுங்கிப் பையில் போட்டு வெளியேற்றுங்கள். வரப்பில் வீசினால் காற்றோடு திரும்பி வரும்.

படி 3: போர்டோ கலவை
இது நோய் வராமல் தடுக்கும் மருந்து, மழைக்கு முன்பே அடிக்க வேண்டியது. 10 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். அப்புறம் தேய்த்துத் துடைத்த அரிவாள் நுனியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், அப்படியே அடித்தால் இலை பொசுங்கும். கலக்கிய அன்றே தீர்த்துவிடுங்கள்.

படி 4: நோய் வந்துவிட்டால்
லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் என்ற மருந்து புதிதாக வரும் தொற்றைத் தடுக்கும், இலைக்குள் போனதைத் தொடாது. அதற்கு மெட்டலாக்சில், சைமாக்சனில் போன்ற, இலைக்குள் ஊடுருவும் மருந்துகள் மேன்கோசெப்புடன் கலந்து வருகின்றன. ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் நோய் பழகிக்கொள்ளும், மாற்றி மாற்றி அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மருந்தடித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பது லேபிளில் இருக்கும். சந்தைக்கு அனுப்பும் அவசரத்தில் அதைத் தாண்டாதீர்கள்.