ஒலி ஒத்த சொற்கள் உறவுடையவையா: சோதித்து அறியும் முறை

தமிழின் 'எட்டு' என்பதும் ஆங்கிலத்தின் 'எய்ட்' என்பதும் ஒரே சொல், ஆகவே ஆங்கிலமே தமிழிலிருந்து பிறந்தது என்ற வாதம் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றி வருகிறது. இத்தகைய இணைகளுக்குள் உண்மையான உறவு உண்டா என்பதை, நல்ல அகராதிகளும் சற்றுப் பொறுமையும் உள்ள எவரும் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

மழலைச் சொற்களையும் ஒலிக்குறிப்புச் சொற்களையும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். 'அம்மா' போன்றவை குழந்தையின் வாயில் எளிதில் பிறக்கும் ஒலிகளால் ஆனவை. 'காக்கை' அந்தப் பறவையின் கரைதலிலிருந்தே வந்தது. உறவே இல்லாத மொழிகளிலும் இவை ஒத்திருக்கக்கூடும் என்பதால் எதற்கும் சான்றாகா.

அடுத்து, தமிழுக்குள்ளேயே அந்த வடிவம் ஒரு சொல்தானா என்று பார்க்க வேண்டும். பூட்டைத் திறக்கும் 'சாவி' போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல். அவர்கள் மொழியில் அது லத்தீன் 'கிளாவிஸ்' என்பதன் வழி வந்தது. நெல் மணி பிடிக்காமல் பதராகும்போது "பயிர் சாவியாகிவிட்டது" என்று உழவர் சொல்லும் 'சாவி'யோ, 'சா' என்னும் நம் வினையடியிலிருந்து பிறந்தது. கடன்சொல் பெரும்பாலும் தனியே வருவதில்லை என்பதையும் இங்கே காணலாம்: 'அலமாரி', 'ஜன்னல்', 'மேசை' ஆகியனவும் அதே போர்ச்சுக்கீசிய வழியில் நம் வீட்டுக்குள் வந்தவையே. பூட்டின் சாவிக்குத் 'திறவுகோல்' என்ற பழைய பெயர் நம்மிடம் முன்பே இருந்தது.

சோதனையின் உயிர்நிலை மூன்றாவது படியில் இருக்கிறது. இன்றைய வடிவங்களை ஒப்பிடாமல், ஒவ்வொரு சொல்லையும் அதன் பழைய வடிவத்துக்கும் உடன்பிறந்த மொழிகளுக்கும் கொண்டு சென்று ஒப்பிட வேண்டும். 'எய்ட்' என்பதன் எழுத்துக்கூட்டலில் இன்று ஒலிக்கப்படாமல் நிற்கும் இரண்டு எழுத்துகள், முன்பு அங்கே தொண்டையை உரசிய ஓர் ஒலி இருந்ததன் தடயமாகும். ஜெர்மானிய மொழியில் அவ்வொலி இன்றும் கேட்கிறது, லத்தீன் 'ஒக்தோ' என்பதில் அது ககரமாகவும் சமஸ்கிருத 'அஷ்ட' என்பதில் ஷகரமாகவும் நிற்கிறது. தமிழ்ப் பக்கம் திரும்பினால், கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி', தமிழிலேயே 'எண்பது', 'எண்ணூறு', 'எண்சாண் உடம்பு' எனக் காண்கிறோம். 'எட்டு' என்பதன் அடி 'எண்'. அதன் மூக்கொலியே பின்வந்த ஒலியோடு கலந்து டகரமாயிற்று. அந்தக் குடும்பத்தின் எட்டில் மூக்கொலி இல்லை, இந்தக் குடும்பத்தின் எட்டில் ககரம் இல்லை. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் நெருங்காமல் விலகியே போகின்றன. 'ஒன்று', 'வன்' என்ற இணையையும் இதே முறையில் பார்க்கலாம்: பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்', முன்னே ஒலிக்கும் வகரம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது.

உறவு உண்மையானால் ஒலிமாற்றம் ஒரு சொல்லோடு நில்லாது. கன்னடத்தின் 'ஹாலு' நம் 'பால்' என்று சொல்வதற்கு அந்த ஒரு சொல் போதாது. 'ஹல்லு' பல், 'ஹுலி' புலி, 'ஹத்து' பத்து என்று வரிசையாக வருவதும், பழைய கன்னடத்தில் இவை பகரத்தில் தொடங்கியதும் சேர்ந்தே அதை உறுதிப்படுத்துகின்றன. இந்தியில் நலம் விசாரிக்கும்போது வரும் 'ஹால்' அரபியிலிருந்து வந்தது. நம் வீட்டு ஹால் ஆங்கிலம் தந்தது. இவற்றைக் கன்னடப் பாலோடு சேர்க்க எந்த வரிசையும் இல்லை. உறவுடைய 'பால்', 'ஹாலு' சற்று வேறுபட்டு ஒலிப்பதையும், உறவில்லாத ஹால்கள் அச்சு அசலாக ஒத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அச்சாக ஒத்துப்போகும் இணையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

பொருளும் ஒத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்டுவந்த ம்பபரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. மொழியியலாளர் டிக்சன் அதைப் பதிவு செய்தார். ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியது என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் அக்கம்பக்கத்து மொழிகளில் ஒன்றான யிடினில் நாய் 'குடக', இன்னொன்றான டிர்பலில் 'குட'. ம்பபரத்தில் முதல் எழுத்து உதிர்ந்தும் உயிரொலிகள் மாறியும் 'குடக' என்பதே அந்த வடிவத்தை அடைந்தது. அம்மொழியின் மற்றச் சொற்களிலும் இதே உதிர்வு காணப்படுவதால், ஆங்கிலச் சொல்லோடு ஒத்திருப்பது முற்றிலும் தற்செயலே.

வீட்டிலிருந்தே சோதிக்க இரண்டு நூல்கள் போதும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், ஒரே வடிவமுள்ள வெவ்வேறு சொற்களை எண்ணிட்டுத் தனித்தனித் தலைச்சொற்களாகத் தருகிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, இன மொழிச் சொற்களை ஒரே பதிவில் திரட்டித் தருகிறது. அதன் 1984ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பையே பயன்படுத்துங்கள். இரண்டும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லெக்சிகன் சமஸ்கிருத மூலம் காட்டும் இடங்களில் மட்டும், முடிவு செய்யும் முன் மற்றொரு நூலையும் பார்த்துவிடுவது நல்லது.