மலைத் தண்ணீரும் ஆப்பிரிக்க சிக்லிட்களும்: நீலகிரியில் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு பெருமை உண்டு. சோப்பு ஒரே தேய்ப்பில் நுரைக்கும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டாது, சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் தலைக்குக் குளித்துவிட்டு முடியைத் தடவித் தடவி வியப்பார்கள். சுண்ணாம்பு அதிகம் இல்லாத பாறைகளின் மேல் பெய்து ஓடிவரும் மழைநீர் என்பதால் அதில் கரைந்த உப்புகள் குறைவு. ஆப்பிரிக்கப் பேரேரிகளின் பெரிய சிக்லிட் மீன்களை இங்கே வளர்க்க முனைவோர் செய்யும் முதல் தவறு, நமக்கு நல்ல தண்ணீர் இந்த மீன்களுக்கும் நல்ல தண்ணீராகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவது.

மலாவி ஏரியின் நீர், அமில-கார அளவைக் காட்டும் பி.எச். எண் ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை உள்ள காரநீர், தங்கனிக்கா ஏரியில் அந்த அளவு 9-ஐ ஒட்டி நிற்கும். சென்னையில் இம்மீன்களை வளர்ப்பவருக்கு இது பெரிய சிக்கல் அன்று, ஏனெனில் அங்கே பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் இயல்பிலேயே கடினமானது. ஆகவே, ‘குளோரின் போனால் போதும், மற்றதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்’ என்று சமவெளியில் சொல்லப்படும் அறிவுரையை மலைக்கு அப்படியே எடுத்து வருவது ஆபத்து. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் எடுத்து, கார்பனேட் கடினத்தன்மையை அளக்கும் மருந்தைத் துளித்துளியாக விட்டபோது, இரண்டாவது துளியிலேயே நீலம் மஞ்சளாகிவிட்டது. துளிக்கு 1 டிகிரி என்பது கணக்கு. மலாவி நீருக்கு 6 முதல் 8 துளி வரை பிடிக்கும். தங்கனிக்கா நீருக்கு 16 துளியாவது ஆகும்.

இந்தக் கார்பனேட் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கி விழுங்குவது கார்பனேட்தான். அது கைவசம் குறைவாக உள்ள நீரில் சில வாரங்களிலேயே இருப்புத் தீர்ந்து பி.எச். திடீரென்று சரியும். இதைச் சரிசெய்யச் சமையல் உப்பை அள்ளிப் போடுபவர்கள் உண்டு. சமையல் உப்பு கடினத்தன்மையைக் கூட்டாது, காரத்தன்மையையும் கூட்டாது. கூட்டுவது ஆப்ப சோடா: 100 லிட்டருக்கு 3 கிராம் சேர்த்தால் கார்பனேட் அளவு ஏறக்குறைய 1 டிகிரி உயரும். அதற்குப் பதிலாக பேக்கிங் பவுடரை வாங்கிவிடக் கூடாது; அதில் அமிலப் பொருளும் கலந்திருக்கிறது. சோடாவை நேரே தொட்டியில் கொட்டாமல், மாற்றப்போகும் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு முறையும் அதே அளவில் சேர்க்க வேண்டும். மெக்னீசியத்துக்கு எப்சம் உப்பு உதவும். கோழித்தீவனத்தில் சேர்க்கும் கிளிஞ்சல் நொறுக்கைக் கழுவி, துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால் அது மெல்லக் கரைந்து கொஞ்சம் துணை செய்யும். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பி.எச். எண் 8.2-ஆ 8.4-ஆ என்று தினமும் அலைவதைவிட, எந்த எண்ணானாலும் அது ஆடாமல் நிற்பதே மீனுக்கு நல்லது என்பது என் கருத்து.

அடுத்த தவறு மீன் வீட்டுக்கு வந்து சேரும் நாளிலேயே நிகழ்கிறது. சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் மீன் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறும்போது, சிப்ஸ் பாக்கெட் உப்புவதுபோலப் பையும் உப்பி, விரலால் சுண்டினால் பறையடித்த மாதிரி ஒலிக்கும். பை வெடித்துவிடுமோ என்ற பயத்தில் வழியிலேயே ஊசியால் குத்தி அவிழ்ப்பவர்கள் உண்டு. அது வேண்டாம், அனுப்புபவரிடம் காற்றைக் குறைத்து அடைக்கச் சொன்னால் போதும். உண்மையான ஆபத்து பைக்குள் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது. மீன் மூச்சுவிட்ட கரியமில வாயுவால் அந்த நீரின் பி.எச். இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்துள்ள அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவில் இருக்கும். 26 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 0.6 சதவீத அளவே, 8.5 ஆனால் அதுவே 16 சதவீதம் ஆகிவிடுகிறது. பையைத் திறந்து வைத்துக்கொண்டு தொட்டியின் காரநீரைச் சொட்டுச்சொட்டாக இரண்டு மணி நேரம் கலப்பது பொறுமையின் அடையாளமாகத் தோன்றலாம், ஆனால் மீன் அந்த நேரம் முழுவதும் நச்சில் நீந்துகிறது. பையை மூடியபடியே அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்ததும் வலையால் மீனை மட்டும் எடுத்துவிட்டுப் பைநீரைச் சாக்கடையில் ஊற்றுவதே நல்லது.

குளிரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், காற்றைப் பற்றிப் பேசுபவர் குறைவு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். எனவே 26 டிகிரி வெப்பநீர் சென்னையில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருந்தால், உதகையில் 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். அவலாஞ்சியில் ட்ரவுட் மீன் செழிப்பதற்கு அந்த நீரின் குளிர்ச்சியே துணை. நாமோ மெல்லிய காற்றுள்ள ஊரில் நீரைச் சூடாக்கவும் செய்கிறோம். அதனால் சமவெளியில் 10 மீன் தாங்கும் தொட்டியில் இங்கே 7 மீனோடு நிறுத்திக்கொள்வதும், ஃபில்டரிலிருந்து வெளிவரும் நீர் மேற்பரப்பைக் கலக்கும்படி வைப்பதும் அவசியம். ஏர் பம்ப்பைக் கணப்புச் சட்டி எரியும் அறையில் வைக்காதீர்கள். அது உறிஞ்சுகிற புகை அப்படியே தண்ணீருக்குள் போகும்.

ஹீட்டரில் கஞ்சத்தனம் கூடாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அறை 10 டிகிரிக்கு இறங்கும் வீட்டில், 450 லிட்டர் தொட்டிக்கு 300 வாட் ஹீட்டர்கள் இரண்டு தேவைப்படும். 600 வாட்டை ஒரே கருவியாக வாங்குவதைவிட இரண்டாக வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். தொட்டியின் பின்புறமும் பக்கங்களிலும் தெர்மாகோல் அட்டை ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் மின்கட்டணம் கண்கூடாகக் குறையும். தண்ணீர் மாற்றும்போதும் கணக்குப் பார்க்க வேண்டும்: 26 டிகிரி நீரில் 30 சதவீதத்தை எடுத்துவிட்டு 12 டிகிரி குழாய்நீரை ஊற்றினால் தொட்டி ஒரே மூச்சில் 22 டிகிரிக்கு விழும். அதோடு, குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் காற்று சூடானதும் பிரிந்து, கண்ணாடியிலும் மீனின் துடுப்பிலும் ஊசிமுனைக் குமிழிகளாக ஒட்டும். அது மீனின் இரத்தக்குழாய்க்குள்ளும் உருவாகலாம். மாற்று நீரை முந்தின இரவே டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப்பில் மாட்டிக் குமிழி விடும் காற்றுக்கல் போட்டு, வெந்நீர் கலந்து, வெப்பமானியில் பார்த்த பிறகு ஊற்றுவதே என் வழக்கம்.

மின்தடையைப் பொறுத்தவரை நான் கற்றது விலை கொடுத்துத்தான். ஒரு ஜூலை மாதம் மரம் சாய்ந்து 11 மணி நேரம் மின்சாரம் இல்லை. கம்பளியால் தொட்டியைச் சுற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். வெப்பமும் 22 டிகிரிக்குக் கீழே போகவில்லை. ஆனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மின்சாரம் வந்ததும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் தானாக ஓடத் தொடங்கி, உள்ளே அழுகிக் கிடந்த பழுப்பு நீரைக் கெட்ட முட்டை நாற்றத்துடன் தொட்டிக்குள் கக்கியது. விடிவதற்குள் தங்கனிக்கா சிக்லிட்டான ஃப்ரண்டோசாவில், நெற்றி புடைத்த பெரிய ஆண் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. இன்வெர்ட்டரில் ஹீட்டரை மாட்டினால் பேட்டரி சீக்கிரம் காலியாகும். 5 வாட் ஏர் பம்ப்பை மட்டும் மாட்டினால் இரவு முழுவதும் ஓடும். மின்சாரம் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஃபில்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சுகளைத் தொட்டிநீரில் அலசிய பிறகே மீண்டும் ஓட்ட வேண்டும். அன்று தீனி கூடாது, குளிர்ந்த உடம்பில் அது செரிக்காது.

கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக விற்கப்படும் ஃப்ரண்டோசா ஓர் அடி நீளம் வளரும். மலாவி சிக்லிட்டான வீனஸ்டஸ் 10 அங்குலத்தைத் தொடும். இவற்றுக்கு 6 அடி தொட்டியே குறைந்த அளவு. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியில் தண்ணீரின் எடை மட்டுமே 680 கிலோ. பழைய பங்களாக்களின் பலகைத் தரையில் அதை அப்படியே நிறுத்துவது பொறுப்பற்ற செயல். அடியில் உத்தரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று தச்சரிடம் கேட்டு, சுவரோரமாக, உத்தரங்களுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். உள்ளே அடுக்கும் பாறைகளை மணலின் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் நேரே ஊன்றி, பிறகு மணலைப் பரப்ப வேண்டும். சிக்லிட்கள் தோண்டும் குணமுள்ளவை. அடியிலுள்ள மணல் போனால் பாறை சரிந்து கண்ணாடி உடையும்.

கூட்டு வளர்ப்பில் பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்து வாங்கிக் குணத்தைப் பார்க்காமல் விடுகிறார்கள். ஆஸ்கரும் ஃப்ளவர் ஹார்னும் அமெரிக்கக் கண்டத்து சிக்லிட்களின் வழிவந்தவை. அவற்றை இவற்றோடு சேர்க்க வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளைச் சேர்ந்த பட்டிகோஃபெரி திலாப்பியா வளர்ந்தபின் பெரும்பாலும் தனித் தொட்டிதான் கேட்கும். மந்தமாக நீந்தும் ஃப்ரண்டோசாவைப் பரபரப்பான மலாவி மீன்களோடு விட்டால் அது பட்டினி கிடக்கும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்ற விகிதத்தில் வைத்தால் ஆணின் துரத்தல் ஒரே பெண்மேல் விழாது. முட்டையை வாயில் அடைகாக்கும் பெண் வாரக்கணக்கில் சாப்பிடாமல் தாடை தொங்க நிற்கும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். தீனியாக ஈரலையும் மாட்டிறைச்சியையும் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடலாம், அந்தக் கொழுப்பு இவற்றின் குடலுக்கு ஒத்துவராது.

வளர்ந்து முரடாகிவிட்ட மீனை ஓடையில் விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இந்தக் குளிரில் செத்துவிடும், யாருக்கு என்ன நட்டம் என்று சொல்வார்கள். குன்னூர் ஆறு கீழே இறங்கிப் பவானியில் கலக்கிறது, பைக்காரா மோயாறாகிப் பவானிசாகருக்குப் போகிறது. அங்கே நீர் வெதுவெதுப்பானது. நாம் மீன்கடையில் ஜிலேபி என்று வாங்கும் திலாப்பியாவும் ஆப்பிரிக்க சிக்லிட்தான், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எந்தக் குளத்தில் வலை வீசினாலும் கிடைக்கிறது. வைத்துக்கொள்ள முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். விலை கிடைக்காவிட்டாலும் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.