காஸ்ரிக் குளிசை உறையில் திகதியை எழுதுங்கள்

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் ஒரு பாமசியில் 18 வருடமாக நிற்கிறேன். "பிள்ளை, அந்தக் காஸ்ரிக் குளிசை ஒரு பத்துத் தாங்கோ" என்ற குரல் கேட்காத நாள் இல்லை. பெரும்பாலும் அது வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்பிறசோல் 20 மில்லிகிராம். எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டால் "அது கனகாலம்" என்பார்கள். எதற்குத் தந்தார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

எங்கள் அம்மாவும் அப்படித்தான் சிரித்தார். முழங்கால் நோவுக்கு அவருக்கு இரண்டு கிழமை டைக்குளோபெனக் கொடுத்தார்கள். அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கத்தான் கூடவே ஒமிப்பிறசோல். நோவுக் குளிசை நின்றுவிட்டது. ஒமிப்பிறசோல் மட்டும் ஒரு மருந்துத் துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு ஏறி ஏறி நாலு வருடம் ஓடியது. ஊருக்கெல்லாம் குளிசை எண்ணிக் கொடுக்கிற நானே அதைக் கவனிக்கவில்லை.

ஆகவே முதல் வேலை இதுதான். குளிசை உறையில் பேனையால் இரண்டு விஷயம் எழுதுங்கள்: தொடங்கிய திகதி, தொடங்கிய காரணம். அடுத்த கிளினிக்குக்கு அந்த உறையையும் கொண்டுபோய் "இது எனக்கு இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்று சிலர் பயப்படுகிறார்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

போடுகிற முறையும் முக்கியம். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன், வெறும் வயிற்றில், தண்ணீரோடு. புட்டைச் சாப்பிட்டு முடித்து, நெஞ்சு எரிந்த பிறகு போட்டால் பலன் குறைவு. கப்சியூல் கூட்டைத் திறந்து பார்த்தால் சவ்வரிசியிலும் சிறிய உருண்டைகள் இருக்கும். அமிலம் கரைக்காதபடி அவற்றுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. விழுங்கக் கஷ்டம் என்று அம்மியில் அரைத்து, தேத்தண்ணியில் கலக்கிக் குடித்த ஒரு ஐயாவை எனக்குத் தெரியும். பூச்சுப் போனால் மருந்தும் வயிற்றிலேயே பழுதாகிவிடும்.

தொடங்கிய நாட்களில் வரக்கூடியவை தலையிடி, வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், ஓங்காளம், வயிற்றுப் பொருமல். அனேகருக்கு ஒன்றும் வராது, வந்தாலும் பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஆனால் தண்ணீராகப் போய் நிற்காமல் இருந்தால், அதுவும் அன்ரிபயோற்றிக் குடித்த பிறகென்றால், வீட்டில் மாதுளங்கோது அவித்துக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் குடலில் சில கிருமிகள் இலகுவாகக் குடியேறும். உடம்பில் தடிப்புப் போட்டாலோ, சலம் குறைந்தாலோ அன்றைக்கே டொக்டரிடம் போகவேண்டும்.

வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு வருவதுதான் சிக்கல், ஏனென்றால் அது குளிசையால் வந்தது மாதிரியே தெரியாது. அம்மாவுக்கு ஒருநாள் கிணற்றடியில் செருப்புக் கழன்றுவிட்டது. அவருக்குத் தெரியாது. வெறுங்காலோடு குசினி வரைக்கும் வந்து, "ஒற்றைச் செருப்பை எங்க விட்டனான்?" என்று தேடினார். "சீனி ஏறிட்டுது, அதான் கால் விறைக்குது" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும்தான். ஒரு டொக்டர்தான் இரத்தத்தில் நரம்புக்கு வேண்டிய விற்றமினான பி12 பார்க்கச் சொன்னார். குறைவாக இருந்தது.

சாப்பாட்டிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். சீனி வருத்தத்துக்குப் போடுகிற மெற்போமினும் பி12ஐக் குறைக்கும். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். மூன்றும் சேர்ந்தால் உடம்பு என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் இந்த மூன்றும் உள்ள பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். கால் விறைப்பு, களைப்பு, மறதி என்றால் சீனியை மட்டும் பார்த்துவிட்டு இருக்காமல் பி12ஐயும் கேளுங்கள். அம்மாவுக்கு ஊசி போட்டு இப்போது பரவாயில்லை, ஆனால் பெருவிரல்களில் விறைப்பு முழுதாகப் போகவில்லை.

இந்தக் குளிசையால் குறையக்கூடிய இன்னொன்று மக்னீசியம். அது குறைந்தால் சதை பிடித்து இழுக்கும், கை நடுங்கும், நெஞ்சு தாறுமாறாக அடிக்கும், வலிப்புக்கூட வரலாம். சலம் போகிற குளிசையும் சேர்த்துப் போடுகிறவர்கள் கூடக் கவனமாக இருக்கவேண்டும். இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. அதற்கு முதல் வருடம் இடுப்பெலும்பு, மணிக்கட்டு முறிவு பற்றி எச்சரித்திருந்தது.

வேறு குளிசைகளோடு மோதலும் உண்டு. இருதயத்தில் ஸ்டென்ற் வைத்து, இரத்தம் கட்டாமல் இருக்கக் குளோபிடோகிறெல் போடுகிறவர்கள் ஒமிப்பிறசோலையோ அதே வகை ஈசோமிப்பிறசோலையோ தாங்களாக வாங்கிப் போடக்கூடாது, அந்த மருந்தின் வேலையை இவை குறைக்கும். தைரொயிட்டுக்குத் தைரொக்சின், இரும்புக் குளிசை போடுகிறவர்களும் சொல்லிவைக்கவேண்டும்.

சரி, இதை வாசித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்தவர்கள், வயது போய் அஸ்பிரின் போடுகிறவர்கள் போன்றோருக்கு இந்தக் குளிசை ஒரு காவல். மற்றவர்களுக்கும் மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென விட்டால் அடக்கிவைத்த அமிலம் ஒரேயடியாகச் சுரக்கும். அதைப் பழைய வருத்தம் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி தொடங்குகிறவர்கள்தான் கூட. அம்மாவுக்கு டொக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கச் சொன்னார். அப்படியும் எட்டாம் நாள் இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தார். தலைமாட்டுக் கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினோம், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்தோம், சம்பலில் செத்தல் மிளகாயைக் குறைத்தோம். கடைசியாகச் சொன்னதுதான் வீட்டில் பெரிய சண்டை. மூன்று கிழமையில் எரிவு அடங்கிவிட்டது.

மலம் தார் போலக் கறுத்தால், இரத்தமாகச் சத்தி எடுத்தால், சாப்பாடு தொண்டையில் இறங்காமல் நின்றால், காரணமில்லாமல் மெலிந்தால் குளிசையை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்கவே கூடாது, ஆஸ்பத்திரிதான். நெஞ்சை அழுத்தி வியர்த்து இடது கைக்கு நோவு ஓடினால் அது காஸ் இல்லை. அந்த நேரத்தில் பாமசிக்கு ஆள் அனுப்பாதீர்கள், அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கள்.