இலை சூடாக இருக்கிறது என்று உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வந்தால் மழை குறைந்துவிடும். செபராங் பிறை பக்கம் செம்பனைக் கன்று வைத்திருந்தாலும் சரி, வீட்டுப் பின்புறம் நிலக்கடலையோ சூரியகாந்தியோ போட்டிருந்தாலும் சரி, அகச்சிவப்பு வெப்பமானியால் (தொடாமலே சூட்டை அளக்கும் கைக்கருவி) இலைச்சூட்டைப் பார்ப்பது நல்ல பழக்கம். மண்ணில் ஈரம் குறையும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், நீராவி வெளியேறுவது குறையும், இலை சூடேறும். பல சமயம் வாட்டம் கண்ணில் படுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். ஆனால் அளக்கும் விதம் தவறினால் எல்லாம் வீண்.

பெரிய தவறு, ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டுவது. 34 டிகிரி என்றால் பயிருக்குத் தாகமா? அதை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. 1981-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் இட்ஸோ, ஜாக்சன் குழுவினர் வகுத்த பயிர் நீர்த்தட்டுப்பாட்டுக் குறியீடு காற்றின் வறட்சியையும் கணக்கில் சேர்த்தது இதனால்தான். அந்தப் பாலைவனக் காற்றில், தண்ணீர் போதுமான பயிரின் இலை காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நல்ல ஈரத்தில் நிற்கும் இலைகூட வெயிலில் காற்றைவிடச் சற்றுச் சூடாக இருக்கலாம். வறண்ட நாட்டு அளவை இங்கே பொருத்தினால் நல்ல பயிரும் தவிப்பதாகத் தோன்றும். தண்ணீர்க் குறையே இல்லாத செடி ஒன்றைப் பக்கத்தில் வளர்த்து, இரண்டையும் அடுத்தடுத்து அளந்து பாருங்கள். அந்த வித்தியாசத்தைத்தான் நம்பலாம்.

நிலக்கடலையில் கூடுதல் கவனம் வேண்டும். தாகம் எடுத்தால் அதன் நான்கு சிற்றிலைகளும் ஜோடி ஜோடியாக மேல்நோக்கி மடிந்துகொள்ளும். இலைமேல் வெயில் நேராக விழாது. இடையில் மண் தெரியும். 12:1 (தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) என்று குறிப்பிட்ட கருவி 60 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. அகல வட்டத்தை அளக்கும். சிற்றிலைக்கு அந்த அகலம் கிடையாது, ஆகவே காய்ந்த மண்ணின் சூடும் சேர்ந்தே வரும். கருவி பாய்ச்சும் சிவப்பு ஒளிப்புள்ளி வெறும் குறிதான், அளக்கும் பரப்பு அதைவிடப் பெரியது. 15 செ.மீ. வரை நெருங்கிப் பிடியுங்கள். உயர்ந்த செம்பனையில் நேர்மாறு: கீழிருந்து அண்ணாந்து அளந்தால் ஓலை இடுக்கில் வானம் கலந்து எண் குறைந்துவிடும்.

அப்புறம், காலையிலேயே அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் 1 மணிக்கு மேல்தான். மேகம் மறைக்கும்போதும், இலை நனைந்திருக்கும்போதும் அளக்க வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் கருவியும் உதவாது. அது மனித உடலுக்கேற்பத் திருத்திய எண்ணைக் காட்டும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: சூடான இலை எல்லாம் வறட்சி அல்ல. தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டினாலும் இலைத்துளை மூடும். செம்பனையில் கானோடெர்மா பூஞ்சை அடித்தண்டை அழுகச் செய்தாலும் குருத்தோலைகள் விரியாமல் நிற்கும், பார்வைக்கு அப்படியே வறட்சிதான். எனவே ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிசைந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் குழாயைத் திறக்காமல் வடிகாலையும் அடிமரத்தையும் சோதியுங்கள்.