வருடங்கள் கழித்து மீண்டும் ட்ரம்பெட்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி பேண்டிலோ சர்ச் பேண்டிலோ ட்ரம்பெட் வாசித்துவிட்டு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று பதினைந்து இருபது வருடம் ஓடிய பிறகு மறுபடி கையில் எடுக்க ஆசைப்படுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நல்ல ஆசை. விரல்கள் பெரும்பாலும் மறப்பதில்லை. நோட்டைப் பார்த்ததும் எந்த வால்வை அழுத்த வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்துவிடும். உதடு அப்படியல்ல. உதட்டைச் சுற்றியிருக்கும் தசைகள் சில வாரம் வாசிக்காவிட்டாலே தளரும். வருடக்கணக்கில் விட்டால் கிட்டத்தட்ட முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மனதில் பழைய ஒலி அப்படியே இருக்கிறது, முகத்தில் பழைய பலம் இல்லை. திரும்பி வருபவர்கள் கருவி வாங்கும்போது செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன. அதனால் இன்றைய உதடு சொல்லும் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கண்ணாலும் விரலாலும் காதாலும் சோதிக்கக்கூடியது ஒரு ட்ரம்பெட்டில் நிறைய இருக்கிறது.

கடையில் வரிசையாக ஊதிப் பார்ப்பது

கடைக்காரர் நான்கு ட்ரம்பெட்டை எடுத்து வைப்பார். ஒவ்வொன்றிலும் அந்தக் காலத்தில் பிடித்த மேல்ஸ்தாயி வரியை ஊதிப் பார்ப்போம். பத்து நிமிடத்தில் உதடு ஓய்ந்துவிடும். முதல் கருவி அருமையாக இருந்தது, மூன்றாவதில் காற்றுச் சத்தம் கேட்கிறது, நான்காவதில் மேலே போகவே முடியவில்லை. உடனே நான்காவது சரியில்லை என்று முடிவெடுத்து முதலாவதை வாங்கி வருகிறோம். வரிசையைத் திருப்பி வைத்திருந்தால் முடிவும் திரும்பியிருக்கும்.

ஒரு தடவைக்கு இரண்டு கருவி போதும். ஊதிய நேரம் அளவுக்கு ஓய்வும் எடுங்கள். இரண்டிலும் ஒரே மவுத்பீஸை (உதட்டில் வைத்து ஊதும் முனை) போடுங்கள், இல்லாவிட்டால் எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது. கீழ் சி-யிலிருந்து நடு ஜி வரை மெதுவாக, நீளமாக, சன்னமான ஒலியில் ஊதிப் பாருங்கள். சத்தமாக ஊதும்போது எல்லாக் கருவியும் ஓரளவு நன்றாகவே பேசும். சன்னமாகத் தொடங்கும் நோட் தடுமாறாமல் வருகிறதா என்பதில்தான் வித்தியாசம் தெரியும். வாசிக்கிற நண்பர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் ஊதட்டும், நீங்கள் அறையின் மறுகோடியில் திரும்பி நின்று கேளுங்கள். பெல்லுக்கு, அதாவது விரிந்த வாய்க்கு, பின்னால் நிற்பவருக்குக் கேட்பதும் எதிரில் இருப்பவருக்குக் கேட்பதும் ஒன்றல்ல.

எவ்வளவு மேலே போகிறது என்பதைவிட சுருதி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். போனில் ஒரு ட்யூனர் செயலி இருந்தால் போதும். பி ஃப்ளாட் ட்ரம்பெட்டில் நீங்கள் ஊதும் சி, ட்யூனரில் பி ஃப்ளாட் என்றுதான் காட்டும், அது சரிதான். முக்கியமாக ஒன்றாவது வால்வையும் மூன்றாவது வால்வையும் சேர்த்து அழுத்தும் கீழ் டி-யையும், மூன்று வால்வையும் அழுத்தும் சி ஷார்ப்பையும் ஊதிப் பாருங்கள். எந்த ட்ரம்பெட்டிலும் இவை இரண்டும் சுருதி ஏறித்தான் வரும். காரணம் எளிய கணக்கு. முதல் வால்வு ஒரு முழுசுரம் இறக்க, குழாயின் நீளத்தோடு சுமார் 12 சதவீதம் சேர்க்கிறது. மூன்றாவது ஒன்றரைச் சுரம் இறக்க சுமார் 19 சதவீதம் சேர்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் 31. ஆனால் கீழ் டி-க்கு வேண்டியது ஏறத்தாழ 33. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மூன்றாவது வால்வின் ஸ்லைடில் (இழுத்து நீட்டக்கூடிய குழாய்) இடதுகை விரலுக்கு ஒரு வளையம் இருக்கிறது. வாசிக்கும்போதே அந்த விரலால் ஸ்லைடைத் தள்ளி இழுக்க முடிகிறதா, தடையில்லாமல் வழுக்குகிறதா? வளையமே இல்லாத, அல்லது ஸ்லைடு இறுகிக் கிடக்கிற கருவியை வாங்கினால், எவ்வளவு நன்றாக உதடு திரும்பினாலும் கீழ் டி உங்களைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

பெரிய பெயரும் சின்ன விலையும்

அந்தக் காலத்தில் வாங்க முடியாததை இப்போது வாங்கிவிடலாம் என்று நேராகத் தொழில்முறைக் கருவிக்குப் போவது ஒரு தவறு. பணம் இருந்தால் வாங்கக்கூடாதா என்றால், வாங்கலாம். ஆனால் வாங்குவதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. மாணவர் மாடல் என்றால் குழாய் குறுகல், மூச்சு முட்டும் என்ற நம்பிக்கை அதில் ஒன்று. யமஹாவின் மாணவர் மாடலான ஒய்டிஆர் 2330-இன் துளை, அதாவது குழாயின் உள்விட்டம், 11.65 மி.மீ. உலகெங்கும் ஆர்கெஸ்ட்ராக்களில் ஒலிக்கும் பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 37-இன் மீடியம் லார்ஜ் துளை 0.459 அங்குலம், அதாவது ஏறக்குறைய அதே அளவுதான். வித்தியாசம் பெல்லை எப்படிச் செய்கிறார்கள், மவுத்பீஸ் செருகும் குழாயான லீட்பைப் எப்படி விரிகிறது, எவ்வளவு கவனமாகப் பொருத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை உணர உறுதியான உதடு வேண்டும். அது வருவதற்குள் கருவியைத் தேர்ந்துவிட்டால் பெயரைப் பார்த்து வாங்கியதாகத்தான் ஆகும்.

இன்னும் பெரிய துளை, கனமான பெல் என்று போவது இன்னும் சிரமம். தளர்ந்த உதடும் குறைந்த மூச்சும் இருக்கிறவருக்கு எதிர்த்துத் தாங்கும் தடை கொஞ்சம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காற்று ஓடிப்போகும், ஒலி வராது, கை தன்னையறியாமல் மவுத்பீஸை உதட்டில் அழுத்த ஆரம்பிக்கும். இந்த அழுத்தும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது கஷ்டம்.

எதிர்ப்பக்கத் தவறு, முதலில் மலிவாக ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று இணையத்தில் பார்க்காமலேயே வாங்குவது. நீலமும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்த, பெயர் தெரியாத ட்ரம்பெட்டுகள் சில ஆயிரத்துக்குக் கிடைக்கின்றன. வால்வு ஒட்டிக்கொள்ளும், உதிரி பாகம் கிடைக்காது, பழுது பார்ப்பவர் கையில் எடுக்கவே தயங்குவார். ஒலி வராதது தன் குறையா கருவியின் குறையா என்று தெரியாமல், திரும்பி வந்தவர் மறுபடி விட்டுவிடுகிறார். அதுதான் எனக்கு மனக்கஷ்டம். மீரட்டில் தயாராகும் கருவிகள் பல தலைமுறையாகக் கல்யாண ஊர்வலங்களில் முழங்கி வருகின்றன. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கைவேலை என்பதால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. எடுத்துப் பார்த்து, மேலே சொன்ன சுருதிச் சோதனையைச் செய்து வாங்குங்கள்.

வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி ஃப்ளாட் ட்ரம்பெட்டையே வாங்குங்கள். பேண்டில் கொடுக்கும் ட்ரம்பெட் பார்ட் எல்லாம் பெரும்பாலும் அதற்குத்தான் எழுதியிருக்கும், உங்கள் விரலும் காதும் பழகியதும் அதுதான். கைக்கு அடக்கமான பாக்கெட் ட்ரம்பெட்டிலும் குழாய் நீளம் அதேதான், இறுக்கிச் சுருட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். உதட்டுக்கு அதனால் எந்தச் சலுகையும் இல்லை. வெள்ளி முலாமா லாக்கரா (பித்தளை மேல் அடிக்கும் பளபளப்புப் பூச்சு) என்பது கடைசிக் கேள்வி. கை வியர்வை அதிகமென்றால் வெள்ளி தாங்கும், ஆனால் கறுக்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மவுத்பீஸால் மேல்ஸ்தாயியைத் திரும்பப் பெற நினைப்பது

இது நான் அதிகம் பார்க்கும் தவறு. மேலே போக முடியவில்லையா, கப், அதாவது உதடு பதியும் குழி, ஆழம் குறைந்த மவுத்பீஸ் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். முதல் வாரம் உண்மையிலேயே இரண்டு சுரம் கூடுதலாக வரும், ஒலியும் பளிச்சென்று இருக்கும். அப்புறம் என்ன நடக்கிறது என்றால், களைத்து வீங்கிய உதடு கப்புக்குள் இறங்கி அடியைத் தொட்டுவிடும். தொட்ட கணத்தில் அதிர்வு நின்று ஒலி வெட்டுப்பட்டுப் போகும். பலமான உதடு வைத்துக்கொண்டு இரவு முழுக்க மேல்ஸ்தாயி வாசிப்பவர்களுக்காகச் செய்த பொருள் அது.

பழைய பெரிய மவுத்பீஸை அப்படியே தொடர்வதும் எல்லோருக்கும் ஒத்துவராது. பாக் மவுத்பீஸில் எண் குறையக் குறைய கப்பின் வாய் அகலும். 7சி-யின் உள்விட்டம் 16.20 மி.மீ., 3சி-க்கு 16.30, 1½சி-க்கு 17.00. காகிதத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். உதட்டுக்கு அது பெரிய வித்தியாசம். எண்ணுக்குப் பின் வரும் எழுத்து ஆழத்தைச் சொல்கிறது. ஏ ஆழமானது, போகப் போக ஆழம் குறையும். யமஹாவில் எண் தலைகீழ், கூடினால் அகலம் கூடும். இது தெரியாமல் பாக் 7-க்குப் பதில் யமஹா 7 என்று வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. பாக் 7சி-க்குப் பக்கத்தில் வருவது யமஹா 11சி4.

7சி, 5சி, 3சி இந்த எல்லைக்குள் ஒன்றை எடுத்துச் சில மாதம் அதோடேயே இருங்கள். இடையில் பல் கட்டியிருந்தாலோ, பல் பிடுங்கியிருந்தாலோ, பழைய மவுத்பீஸின் விளிம்பு இப்போது உறுத்தலாம். அது கற்பனையில்லை, உதட்டுக்குப் பின்னால் இருக்கும் தாங்கு தளமே மாறிவிட்டது. அப்படிப்பட்டவர்கள் மட்டும் விளிம்பு வேறு வடிவத்தில் உள்ளதைத் தேடுவது நியாயம்.

பழைய கருவி வாங்கும்போது பளபளப்பைப் பார்ப்பது

நல்ல பழைய ட்ரம்பெட் கிடைத்தால் புதிய மலிவான கருவியைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பார்ப்பவர்கள் பெல்லில் இருக்கும் நசுங்கலைப் பார்த்து விலை பேசுகிறார்கள். பெல் நசுங்கலை எடுத்துவிடலாம். பார்க்க வேண்டியது வால்வை.

உதடே தேவைப்படாத சோதனை ஒன்று: எந்த வால்வையும் அழுத்தாமல் இரண்டாவது ஸ்லைடை வேகமாக வெளியே இழுங்கள். பாட்டில் மூடி திறப்பது போல் ‘டப்’ என்று சத்தம் வந்தால் வால்வுக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்கும் அதைச் சுற்றியிருக்கும் கேசிங்குக்கும் நடுவே காற்று ஒழுகவில்லை. சத்தமே இல்லாமல் நழுவி வந்தால் தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்லைடே தளர்ந்திருக்கிறது. கெட்டியான எண்ணெய் ஊற்றி இந்தச் சத்தத்தை வரவழைக்க முடியும், அதனால் பிஸ்டனைத் துடைத்துவிட்டு சாதாரண வால்வு ஆயில் இரண்டு சொட்டு போட்டுத் திரும்பச் செய்து பாருங்கள். பிஸ்டன் வெளியே இருக்கும்போதே அதன் உடம்பைப் பாருங்கள். நிக்கல் முலாம் போட்ட பிஸ்டனில் மஞ்சளாகப் பித்தளை எட்டிப் பார்த்தால் முலாம் போய்விட்டது என்று அர்த்தம். 1, 2, 3 என்று பொறித்திருக்கும் எண்படி அந்தந்த வீட்டில்தான் போட வேண்டும். மாற்றிப் போட்டாலும், திசை மாறிப் போட்டாலும் ஊதினால் காற்றே போகாது. கெட்டுப்போனது என்று விலை குறைத்து விற்கும் ட்ரம்பெட் சிலவற்றுக்கு நோய் இவ்வளவுதான்.

அடுத்து லீட்பைப். அதன் மேல் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை எச்சில் உள்ளிருந்து கரைத்துவிட, செம்பு மட்டும் மிஞ்சுவதன் அடையாளம் அது. தேய்த்தோ பாலிஷ் போட்டோ சரிசெய்ய முடியாது, குழாயையே மாற்ற வேண்டும். பழைய கருவி சந்தேகப்படும்படி மின்னினால், பெல்லில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தால் பாலிஷ் போட்டுத் தேய்த்து லாக்கர் அடித்திருக்கிறார்கள். உலோகமும் அந்த அளவு மெலிந்திருக்கும்.

பிரிட்டிஷ் காலத்து வழியில் வந்த பேண்டுகளின் பழைய கருவி என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். பிரிட்டனின் பிராஸ் பேண்டுகள் 1960-கள் வரை ஏ = 452 (ஏ சுரத்தின் அதிர்வெண், ஹெர்ட்ஸில்) என்ற உயர் சுருதியில்தான் வாசித்தன; பூசி அண்ட் ஹாக்ஸ் நிறுவனமும் அதுவரை அந்தச் சுருதியில் கருவி செய்தது. இன்றைய 440-ஐவிட அது கிட்டத்தட்ட கால்சுரம் மேலே. கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கவே முடியாது. ட்யூனிங் ஸ்லைடை முழுக்க இழுத்தும் சுருதி இறங்கவில்லை என்றால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

பரணில் இருப்பதை மறந்துவிட்டுப் புதிதைத் தேடுவது

உங்கள் பழைய ட்ரம்பெட் வீட்டிலேயே இருந்தால் முதலில் அதைக் கொண்டு போய்ப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். வால்வு மேலும் கீழும் போய் நிற்கும் இடத்தில் ஃபெல்ட்டும் கார்க்கும் இருக்கின்றன. வருடக்கணக்கில் அவை நசுங்கியோ உதிர்ந்தோ போனால், பிஸ்டனின் துளை குழாயின் வாய்க்கு நேராக நிற்காது. ஒலி அடைத்தாற்போல் வரும். கருவி செத்துவிட்டது என்று நினைப்போம். ஃபெல்ட் மாற்றினாலே பாதி சரியாகிவிடும், செலவும் அதிகமில்லை. மவுத்பீஸ் சிக்கியிருந்தால் பிளையரைப் போட்டுத் திருகாதீர்கள், லீட்பைப் முறுக்கிக்கொள்ளும். அதை இழுத்தெடுக்க அவரிடம் தனிக் கருவி இருக்கும். உள்ளே கழுவாமல் ஊதவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மிதமான சோப்பு, நீளமான வளையும் பிரஷ் போதும். கொதிக்கும் தண்ணீர் லாக்கரை உரித்துவிடும்.

ஃப்ளாட்டில் இருப்பவர்கள் ட்ரம்பெட்டோடு சேர்த்தே, பெல்லில் செருகிச் சத்தத்தைக் குறைக்கும் ப்ராக்டிஸ் மியூட்டும் வாங்கிவிடுகிறார்கள். வேண்டியதுதான், ஆனால் எப்போதும் அதிலேயே ஊதினால் அது கொடுக்கும் தடைக்கும் மாறிய சுருதிக்கும் உதடு பழகிவிடும். வாரத்தில் சில நாளாவது மொட்டை மாடியிலோ சர்ச் ஹாலிலோ திறந்து ஊத இடம் தேடிக்கொள்ளுங்கள்.

ஓய்வெடுத்து ஓய்வெடுத்து அரைமணி நேரம் வாசித்த பிறகும் மேல் ஜி சன்னமாக, அழுத்தாமல் வருகிறது என்றால், அப்போது புதுக் கருவி பற்றி யோசிக்கலாம். அன்றைக்குக் கடைக்குப் போகும்போது இப்போது வாசிக்கும் ட்ரம்பெட்டையும் மவுத்பீஸையும் கையோடு எடுத்துப் போங்கள். புதியதையும் உங்களுடையதையும் மாற்றி மாற்றி ஊதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியாவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள். தெரிந்தால், பழையதை எடுத்துக்கொண்டு எவ்வளவு குறைப்பார்கள் என்றும் அங்கேயே கேட்டுவிடலாம்.